படித்து முடித்தாயிற்று, இனி என்ன எழுதுவது? புத்தகம் வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இந்நூலின் ஆசிரியர் இன்னார். இதில் வரும் முக்கியக் கதாபாத்திரங்கள் இவர்கள். கதைச் சுருக்கம் பின்வருமாறு. இக்கதையிலிருந்து நாம் அறியும் நீதி என்னவென்றால்..."

சனிக்கிழமைகளில் ஒரு கிளை நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள். ஆரம்பத்தில் அவர்கள் எழுதிக்கொண்டு வந்த நோட்டுகள் எல்லாமே மேலே இருக்கிற மாதிரிதான் இருந்தன, பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருநாள் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் திரும்பிப் பார்த்து, "அக்கா, அந்தக் கதையில அம்மா ஏன் கடைசி வரைக்கும் அழவே இல்லை?" என்று கேட்டாள். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "இதெல்லாம் எழுதலாமா?" என்றாள்.

எழுதலாம். அதைத்தான் எழுத வேண்டும். புத்தகம் உங்களுக்குள் எங்கே இடித்ததோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் புத்தகத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதுதான் வாசிப்புக்கு நாம் கொடுக்கும் பதில். அதை எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

தடிமனான நாவலில் தொடங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படிக்கிறீர்கள் என்றால் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில். பத்து நிமிடத்தில் முடிகிற கதையாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் முதல் சில முறைக்கு அதுதான் நல்லது, ஏனென்றால் இரண்டு தடவை படிக்கப் போகிறோம்.

கையில் எடுத்ததும் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, மொழிபெயர்ப்பு என்றால் மூலம் எந்த மொழி, மொழிபெயர்த்தவர் யார் என்று மூன்றையும் நோட்டில் ஒரு வரியாக எழுதி வையுங்கள், அவ்வளவுதான். பின்னால் எங்காவது "இந்த ஆள் ஏன் தந்தி அடிக்கிறார், போன் பண்ண வேண்டியதுதானே" என்று தோன்றும்போது அந்த வரி கைகொடுக்கும்.

படிக்கும்போதே அடையாளம் வைக்க வேண்டும்

முடித்த பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் கதையின் முடிவு மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும். நடுவில் உங்களை ஒரு நொடி நிறுத்திய வரிகள் எல்லாம் போய்விடும். அதனால் படிக்கும்போதே குறித்துவிடுங்கள்.

நூலகப் புத்தகத்தில் கோடு போடக் கூடாது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து நீளமாக நறுக்கிக்கொண்டால் நல்ல அடையாளத் தாள் கிடைக்கும், பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் அதிலேயே பக்க எண்ணைப் போட்டு நாலு வார்த்தை எழுதலாம். நாங்கள் மூன்று குறிகள்தான் வைத்திருக்கிறோம். புரியாத இடத்துக்கும் "ஏன் இப்படி?" என்று தோன்றிய இடத்துக்கும் கேள்விக்குறி. திடுக்கிட்ட, சிரித்த, கண் கலங்கிய இடத்துக்கு ஆச்சரியக்குறி. "இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று தோன்றும் இடத்துக்குப் பெருக்கல் குறி. இந்தப் பெருக்கல் குறியை முதல் இரண்டு மூன்று வாரம் யாருமே போட மாட்டார்கள், அச்சில் வந்த ஒன்றை மறுக்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. தயங்காமல் போடுங்கள், தப்பாக இருந்தால் பின்னால் எடுத்துவிடலாம்.

ஒரே மூச்சில் இருபது தாள் செருகினால் புத்தகம் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிடும், எதை எதற்காக வைத்தோம் என்பதும் மறந்துபோகும். ஒரு தடவை உட்கார்ந்து படித்தால் ஐந்தாறு போதும். கதை ஓட்டத்தில் எதையுமே குறிக்கத் தோன்றவில்லையா, குறிக்காதீர்கள். அந்த அத்தியாயம் உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, அதுவும் ஒரு செய்திதான்.

அன்றைக்கு ராத்திரியே பத்து நிமிடம்

புத்தகத்தை மூடிய அன்றே ஒரு ரஃப் நோட்டில் பத்து நிமிடம் எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், பேசுகிற தமிழிலேயே எழுதலாம். "அந்தத் தாத்தா வீட்டை வித்துட்டு வர்ற இடத்துல எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம் வந்துச்சு, ஆனா பெரியப்பா அழுதாரு, இவரு அழல" என்கிற மாதிரி. இதை ஆசிரியர் உட்பட யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மறுநாளைக்கு என்று விட்டால் மனம் தானாகவே அதைச் "சோகமான கதை" என்று இரண்டு வார்த்தையில் மூட்டை கட்டிவிடும். அப்புறம் அந்த மூட்டையை அவிழ்ப்பது கஷ்டம்.

ஒரு இடத்தை எடுத்துக் கேள்வியாக்குவது

இதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் திணறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறித்து வைத்த இடங்களில் ஒன்றே ஒன்றை எடுங்கள். எது முக்கியம் என்று யோசிக்க வேண்டாம், எது உங்களை விடாமல் தொந்தரவு செய்கிறதோ அதை எடுங்கள். அப்புறம் அதைக் கேள்வியாக மாற்றுங்கள். நல்ல கேள்விக்கு மூன்று அடையாளம் சொல்வேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடியாது. பதில் தேட மறுபடியும் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். இரண்டு பேர் படித்தால் இரண்டு பதில் வரும்.

நம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். "காக்கா எங்கே உட்கார்ந்தது?" என்பது தேர்வுத்தாள் கேள்வி, அதற்கு மேல் போக வழியில்லை. "நாம் ஏன் ஏமாறக் கூடாது?" என்று கேட்டால் கதையே தேவையில்லை, கதை படிக்காதவர்கூட ஒரு பக்கம் எழுதிவிடுவார். எங்கள் குழுவில் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது இது: "கதை பாட்டியிலதானே ஆரம்பிக்குது, அப்புறம் பாட்டி எங்க போனாங்க?"

யோசித்துப் பாருங்கள். நரி காக்காவை ஏமாற்றியதற்கு நீதி சொல்கிறோம், காக்கா பாட்டியின் வடையைத் தூக்கியதற்கு எந்த நீதியும் கிடையாது. கதை சொல்கிறவர் பாட்டியை விட்டுவிட்டு மரத்துக்கு மேலே பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். யாரைப் பற்றிக் கதை பேசுகிறது, யாரை நடுவழியில் விட்டுவிடுகிறது என்கிற இந்தக் கேள்வியை எந்தப் பெரிய நாவலிடமும் கேட்கலாம். இன்னொரு பெண் வேறு வழியில் போனாள். இப்போது பிள்ளைகள் சொல்லும் கதையில் காக்கா வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடுகிறது, நரி ஏமாந்து போகிறது. முடிவை ஏன் மாற்றினார்கள், மாற்றியதால் கதைக்கு என்ன ஆனது என்று கேட்டாள். அந்த மாலை முழுக்க அதிலேயே போனது.

கேள்வி வரவில்லை என்றால் இந்த நான்கில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: இந்த இடத்தில் இவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? இதே சம்பவத்தை வீட்டில் இருக்கும் இன்னொருவர் சொன்னால் எப்படிச் சொல்வார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? தொடக்கத்தில் இருந்த எது கடைசியில் மாறியிருக்கிறது?

மறுபடியும் புத்தகத்துக்குள் போங்கள்

கேள்வி கிடைத்ததும் உடனே எழுத உட்காரத் தோன்றும், பொறுங்கள். உங்கள் இடத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது நாலைந்து பக்கம் திரும்பப் படியுங்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, கேட்டதை நினைத்துப் பார்ப்பது, தன்னை ஒத்தவர்களோடு பயில்வது, கேள்வி கேட்பது, பிறர் கேட்டதற்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும் வரிசையாக வைக்கிறார். ஒரு தடவை கேட்டதை இரண்டாம் தடவையும் கேட்டால் பிழை பெரிதும் குறையும் என்றும் அடுத்துச் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல் சொல்வது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாம் வாசிப்பு என்ன செய்யும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. "பாண்டியன் தீர விசாரிக்காமல் கோவலனைக் கொன்றான்" என்று நாம் எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். சரி, கொலைக்களக் காதையை உரையோடு திறந்து மெதுவாகப் படியுங்கள். பொற்கொல்லன் வந்து நிற்கும்போது, தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்துபோன கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்க அரசன் அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான், அவசரத்தில் இருக்கிறான். அப்போதும் அவன் காவலர்களிடம் சொல்வது "கள்வன் கையது ஆகின்" என்று, சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று. அதில் ஒரு "ஆகின்" இருக்கிறது. அடுத்து, காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள், இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அவர்களைக் குழப்புகிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் வாளை வீசிவிடுகிறான், அவனைக் "கல்லாக் களிமகன்" என்கிறார் இளங்கோ.

இப்போது "யார் குற்றவாளி?" என்று கேட்டுப் பாருங்கள். அவசரத்தில் ஆணையிட்ட அரசனா, பொய் சொன்ன பொற்கொல்லனா, சந்தேகம் வந்தும் தடுக்காத காவலர்களா, வாளை வீசியவனா? பாண்டியன்தான் என்று நீங்கள் இன்னமும் சொல்லலாம். அவனே "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லித்தான் உயிரை விடுகிறான். ஆனால் இப்போது உங்கள் பதிலுக்குக் கீழே வரிகள் இருக்கின்றன, எதிர்ப்பக்கம் பேசுகிறவருக்கும் வரிகள் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள், நூலகர் விளக்கை அணைக்க வந்து அவரும் உட்கார்ந்துவிட்டார்.

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் புத்தகத்தில் இருக்கும் வரியும் பக்க எண்ணும், வலது பக்கம் அதைப் படித்து நீங்கள் நினைப்பது. வலது பக்கம் நிறைந்து இடது பக்கம் காலியாக இருந்தால் நீங்கள் புத்தகத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது எழுதலாம்

நேராக உங்கள் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் பிறந்த ஊர், வாங்கிய விருதுகள் எதுவும் முதல் பத்தியில் வேண்டாம். புத்தகத்தைப் படிக்காதவருக்குப் புரிய வேண்டிய அளவுக்கு மட்டும் கதையைச் சொல்லுங்கள், மூன்று நான்கு வரி போதும். அடுத்து உங்கள் கேள்வி, அதற்குப் புத்தகத்தில் நீங்கள் கண்ட இரண்டு மூன்று இடங்கள், அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த எண்ணம். உங்கள் வாழ்க்கையில் பார்த்த ஒன்று இதோடு சேர்ந்தால் சேருங்கள், ஆனால் அது வந்ததும் புத்தகம் காணாமல் போய்விடக் கூடாது.

வித்தியாசம் தெரிவதற்காக இரண்டு பத்திகளைக் காட்டுகிறேன். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"இந்தக் கதை மிகவும் அருமையாக இருந்தது. ஏமாறக் கூடாது என்பதை ஆசிரியர் அழகாக எடுத்துக் கூறியுள்ளார். அனைவரும் படிக்க வேண்டிய கதை."

பாட்டி எங்கே போனாள் என்று கேட்ட பையன், நாலு வாரம் கழித்து எழுதியதன் சாரம் இது:

"கதை பாட்டியை வைத்துத்தான் தொடங்குகிறது. மரத்தடி, அடுப்பு, வடை எல்லாம் சொல்கிறார்கள். காக்கா வடையைத் தூக்கியதும் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எங்கள் தெருமுனையில் இட்லி விற்கும் ஆயா சாயங்காலம் சில்லறையை மூன்று முறை எண்ணுவார், குறைந்தால் மறுபடியும் எண்ணுவார். ஒரு வடை போனால் என்ன என்று அவரிடம் சொல்ல முடியாது. எல்லோரும் காக்கா ஏமாந்த கதை என்கிறார்கள். எனக்கு இது பாட்டிக்கு நஷ்டமான கதை."

"அருமை" என்று ஒரு இடத்திலும் இல்லை, ஆனால் அவன் கதையை எவ்வளவு கவனித்திருக்கிறான் பாருங்கள். எழுதி முடித்ததும் அருமை, சிறப்பு, மனதைத் தொட்டது, படிக்க வேண்டிய நூல் ஆகிய சொற்களைத் தேடி அடித்துவிட்டு, அந்த இடத்தில் எது, எந்தப் பக்கத்தில், ஏன் என்று போடுங்கள். கைடிலிருந்தோ இணையத்திலிருந்தோ யாரோ எழுதிய மதிப்புரையை எடுத்து எழுதாதீர்கள், போனில் ஒரு செயலியைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். உங்களுக்கு இடித்த இடம் அதற்குத் தெரியாது. உங்கள் பத்தியை முடித்த பிறகு மற்றவர்களின் மதிப்புரையைப் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு விஷயம், அது நல்ல பழக்கம்.

கட்டுரைதான் எழுத வேண்டுமா?

இல்லை. எழுத வராத, எழுதப் பிடிக்காத பிள்ளைகள் பலர் மிக நன்றாக வாசிக்கிறார்கள். ஒரு கதாபாத்திரத்துக்குக் கடிதம் எழுதலாம், அந்தப் பாத்திரம் உங்களுக்கு எழுதும் பதிலையும் எழுதலாம், பதில் எழுதுவதுதான் கடினம், ஏனென்றால் அவர் குரலில் எழுத வேண்டும். கதையில் விட்டுப்போன காட்சியை எழுதலாம். கதை நடக்கும் ஊரை வரைபடமாகப் போடலாம், கிணறு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, யார் வீடு எந்தத் தெரு, யார் எந்தப் பக்கம் போகவே இல்லை என்று. வரைபடம் போட்ட ஒரு பையனுக்குத்தான், கதையில் ஒரு குடும்பம் மட்டும் ஊர்க் கிணற்றுப் பக்கம் வரவே இல்லை என்பது முதலில் கண்ணில் பட்டது. படித்துக்கொண்டுபோன எங்கள் யாருக்கும் படவில்லை.

எந்த வடிவமாக இருந்தாலும் ஒரே நிபந்தனைதான்: புத்தகத்தில் இருப்பதற்கு முரணாகப் போகக் கூடாது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

அறிவியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு படித்தால்

அங்கே கேட்க வேண்டியது வேறு. இவருக்கு இது எப்படித் தெரியும்? நேரில் பார்த்தாரா, ஆவணம் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா? எப்போது எழுதியது? சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்று ஒரு புத்தகம் சொன்னால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், 2006இல்தான் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றினார்கள். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்றால் அது 2019க்கு முன் எழுதியதாக இருக்கும், இப்போது 38. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, புத்தகம் எழுதியபோது என்ன நிலை, பிறகு என்ன மாறியது என்று எழுதினால் அதுவே நல்ல பதில். வாழ்க்கை வரலாறு என்றால், அந்த மனிதர் தவறிய இடத்தை ஆசிரியர் எப்படிச் சொல்கிறார், சொல்கிறாரா என்று பாருங்கள்.

நாலு பேர் உட்கார்ந்து பேசுங்கள்

தனியாக எழுதியதை எடுத்துக்கொண்டு ஒரே புத்தகத்தைப் படித்த நாலைந்து பேர் வட்டமாக உட்காருங்கள், ஏழு பேருக்கு மேல் போனால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு இடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. வாசிக்கிற குரலிலேயே பாதி தெரிந்துவிடும். இரண்டாம் சுற்றில் அடுத்தவர் வாசித்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். மறுப்பதற்கு முன் "நீ சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?" என்று கேட்டுவிட்டு மறுக்க வேண்டும். பேச்சு எங்கேயோ போய்விட்டால் யாராவது "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும், எல்லோரும் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பேசிய பிறகு உங்கள் எண்ணம் மாறியிருந்தால் பழையதை அடிக்காமல், கீழே தேதி போட்டு "இப்போது இப்படித் தோன்றுகிறது" என்று எழுதுங்கள்.

பிடிக்காத புத்தகம்

பிடிக்கவில்லை என்று எழுதலாம். எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று சொல்லுங்கள். மொழி கடினமா, பேச்சு பொய்யாக இருந்ததா, உங்களைப் போன்ற ஒருவரை இழிவாகக் காட்டியிருக்கிறார்களா? கடைசியாகச் சொன்னதை மிகவும் மரியாதையோடு கேட்க வேண்டும், பல பிள்ளைகள் அதைச் சொல்லத் தெரியாமல்தான் "போர்" என்று சொல்கிறார்கள். ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது. உங்களுக்கானது அடுத்த அலமாரியில் இருக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

பிள்ளை எழுதிக் கொடுத்ததும் சிவப்புப் பேனாவோடு ஒற்றுப்பிழை திருத்தத் தொடங்காதீர்கள், முதலில் அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். "நன்று" என்று போட்டுக் கையெழுத்திடுவதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கீழே எழுதிக் கொடுங்கள். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மா ஏன் அழவில்லை என்று கேட்ட பெண்ணின் நோட்டில், "அவள் அழுதிருந்தால் மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள்?" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள், மூன்றாம் பக்கத்தின் அடியில் எனக்கு ஒரு கேள்வியும் இருந்தது. அதற்காக நான் அந்தக் கதையை மறுபடியும் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.